நீ பால் வாங்கும் இடத்தில் ஒரு கோடீசுவரர்

கும்பகோணம்

அன்புள்ள நித்யாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை நீ சொல்வதை வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். அப்பா கீழே கூடத்தில் செய்தித்தாளை மார்பில் விரித்துக்கொண்டு தூங்குகிறார். நான் மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, மீட்டிங் வந்துவிட்டது" என்பாய். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

பால் வாங்கப் போன இடத்திலிருந்து நீ ஒரு படம் அனுப்பினாயே, அதில் நீ இல்லை. உன் துணிப்பையின் ஒரு காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. ஆனால் பின்னால் நின்ற வெள்ளைக் கட்டடத்தை நான் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டேன். நீளமான முகப்பு, பச்சைச் சன்னல்கள், வாசலைச் சுற்றி வண்ண வேலைப்பாடு. லண்டனையே பார்க்காத நான் அதை எங்கே பார்த்தேன் என்று ஒரு நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன். இரவு பாத்திரம் கழுவும்போது நினைவு வந்தது. அது ஃபார்லியின் தொழிற்சாலை!

உண்மையில் அது ஹூவர் நிறுவனம் தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் செய்த தொழிற்சாலை என்று நீயே சொல்லியிருக்கிறாய். 1933இல் திறந்தார்கள். போரின்போது குண்டு விழாமல் இருக்க வெள்ளைச் சுவரின் மேல் மறைப்பு வண்ணம் பூசி வைத்திருந்தார்களாம். 1980களின் தொடக்கத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். 1992இல் பின்பக்கம் டெஸ்கோ கடை வந்தது. இப்போது முன்பக்கம் குடியிருப்பு. மூடியதற்கும் கடை திறந்ததற்கும் நடுவில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் அங்கே கேமராவோடு வந்திருக்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் கதைகளில் வரும் துப்பறிவாளர் பொய்ரோவாக டேவிட் சூஷே நடித்த தொடர் பிரிட்டனில் 1989 ஜனவரியில் தொடங்கியது. அந்த முதல் வரிசையின் பத்தாவது கதை, கடைசிக் கதை, 'கனவு'. மார்ச் 19 அன்று ஒளிபரப்பானது. அதில் பெனடிக்ட் ஃபார்லி என்ற கோடீசுவரரின் உணவுத் தொழிற்சாலையாக வருவது நீ பால் வாங்கும் இடம்.

நீ கொடுத்த டேப்லெட்டில் அந்தத் தொடரை வரிசையாகப் பார்த்து வருகிறேன். மொத்தம் எழுபது. 2013 வரை இழுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்தவற்றில் ஒரே இருட்டும் சோகமும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முதல் வரிசைகளில்தான் பொய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ் அசடு வழிவதும், போலீஸ்காரர் ஜாப் தொப்பியைக் கழற்றாமல் வீட்டுக்குள் நுழைவதும், காரியதரிசி மிஸ் லெமன் கோப்புகளை அடுக்குவதுமாக ஒரு குடும்பம் இருக்கிறது. கதையை முழுவதுமாகச் சொல்லப்போகிறேன். கொலையாளி யார் என்றும் சொல்லிவிடுவேன். நீ எப்படியும் பார்க்கப்போவதில்லை.

ஃபார்லி வெளியே வராத மனிதர். பழைய ஒட்டுத்துணி அங்கி ஒன்றையே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவர், பருந்து மூக்கு, சோடாப் புட்டிக் கண்ணாடி, பூனையைக் கண்டால் ஆகாது என்று அவரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஆளை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு. இவர் ஒரு நாள் பொய்ரோவுக்குக் கடிதம் எழுதி வரச் சொல்கிறார். வரும்போது அந்தக் கடிதத்தையும் கையோடு கொண்டுவர வேண்டுமாம். பொய்ரோ போகிறார். ஃபார்லியின் அறைக்கு அழைத்துப் போகாமல், செயலாளரின் அறையில் உட்கார வைக்கிறார்கள். அறை இருட்டு. ஒரே ஒரு மேசை விளக்கு, அதுவும் வந்தவர் கண்ணில் அடிக்கும்படி திருப்பி வைத்திருக்கிறது. விளக்குக்குப் பின்னால் அங்கியும் கண்ணாடியுமாக ஓர் உருவம்.

"தினமும் ஒரே கனவு வருகிறது," என்கிறது உருவம். மேசை இழுப்பறையைத் திறந்து துப்பாக்கியை எடுக்கிறேன், குண்டு போடுகிறேன், சன்னலருகே போய் என்னையே சுட்டுக்கொள்கிறேன். கிறிஸ்டி எழுதிய மூலக்கதையில் அந்த நேரம் 3 மணி 28 நிமிடம். அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்று பொய்ரோ கேட்கிறார். முடியாது என்று பதில். கடிதத்தைத் திருப்பிக் கொடு, போ. பொய்ரோ பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். உருவம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசையில் வைக்கிறது. கதவருகே போன பிறகுதான் பொய்ரோவுக்கு உறைக்கிறது. கொடுத்தது வேறு கடிதம். சலவைக்காரி அவருடைய சட்டைக் காலர்களைப் பாழாக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதியது! திரும்பி வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஒரு வாரத்தில் ஃபார்லி இறந்துகிடக்கிறார், கனவில் வந்தபடியே. மூலக்கதையில் அறைக் கதவுக்கு வெளியே இரண்டு பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். உள்ளே யாரும் போகவில்லை என்று அவர்களே சாட்சி. சன்னலுக்கு எதிரே வெறும் சுவர். தற்கொலை என்று எல்லோரும் முடிவு கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் நான் டேப்லெட்டை நிறுத்தி வைத்துவிட்டு அப்பாவிடம், "செயலாளன்தான்," என்றேன். அவர் நம்பவில்லை. நான் எப்படிச் சொன்னேன் என்றால், எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணாடி. கண்புரை அறுவை செய்துகொள்ளும்வரை மைனஸ் 11. உனக்கு நாலு வயதிருக்கும், நான் முகம் கழுவப் போனபோது அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "அம்மா, தரை சின்னதாகி எங்கேயோ போய்விட்டது" என்று கத்தி, அம்மிக்கல்லில் காலை இடித்துக்கொண்டாய். அழுகையை நிறுத்துவதற்காக அப்பாவும் அதை மாட்டிக்கொண்டு கூத்துக் காட்டினார். செய்தித்தாளைக் கையில் எடுத்தார். தலைப்பு எழுத்துக்கூடத் தெரியவில்லை, சாம்பல் பூசிய தாளாக இருக்கிறது என்றார். அவருக்கு அப்போது நல்ல பார்வை. என் கண்ணுக்கு உயிரான கண்ணாடி நல்ல கண்ணைக் குருடாக்கிவிடும்.

சலவைக்காரியின் கடிதத்தை அந்த உருவம் பார்த்தும் படிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருந்த உண்மையான ஃபார்லிக்கு அது பளிச்சென்று தெரிந்திருக்கும். ஆகவே உள்ளே இருந்தது நல்ல பார்வை உள்ள ஆள். அன்று மாலை சினிமாவுக்குப் போனதாகச் சொன்ன செயலாளன் ஹ்யூகோ கார்ன்வொர்த்தி சினிமாவுக்கே போகவில்லை; முதலாளியின் அங்கியையும் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தான். கனவு என்பதே அவன் கட்டியது. ஃபார்லியின் மனைவியும் கூட்டு. கணவர் தன்னிடமும் அந்தக் கனவைச் சொன்னதாகச் சத்தியம் செய்தவள் அவள்தானே. கொலையும் சன்னல் வழியாகத்தான். இரண்டு அறைகளும் பக்கத்துப் பக்கத்தில். மூலக்கதையில், நீளும் இடுக்கி ஒன்றில் பொம்மைப் பூனையை மாட்டி முதலாளியின் சன்னலுக்கு வெளியே ஆட்டுகிறான். பூனை என்றால் ஆகாத கிழவர் எட்டிப் பார்க்கிறார். தன் சன்னலிலிருந்து சுட்டுவிடுகிறான். எதிரே வெறும் சுவர் என்பதால் பார்க்க ஆளில்லை. பிறகு அவனே போய்ப் பிணத்தைக் 'கண்டுபிடிக்கிறான்'.

எனக்குப் பூனையைவிட அந்த அங்கிதான் முக்கியம். பொய்ரோ அந்த முதல் சந்திப்பில் ஏமாற்றம் அடைந்ததாகக் கிறிஸ்டி எழுதுகிறார். இவ்வளவு பெரிய செல்வத்தைக் கட்டியெழுப்பிய ஆளிடம் இருக்க வேண்டிய கனம் இல்லை. நாடகக்காரனைப் பார்ப்பதாகப் படுகிறது. வங்கியில் நான் கவுண்டரில் இருந்த காலத்தில் என் மூத்த அதிகாரி சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதான். மாதிரிக் கையொப்ப அட்டையையும் காசோலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கொஞ்சம் பிசகியிருக்கிற கையெழுத்தைக் கண்டு பயப்படாதே. அச்சாக ஒத்துப்போகிற கையெழுத்தைக் கண்டு பயப்படு. சொந்தக்காரர் அவசரத்தில் கிறுக்குவார். திருடன்தான் பொறுமையாக வரைவான். வளைவில் பேனா நின்று நின்று போன இடத்தில் மை திட்டாகத் தேங்கியிருக்கும். பூதக்கண்ணாடிக்குக் கீழே அந்தத் திட்டுகள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. கார்ன்வொர்த்தியும் ஃபார்லியை அப்படித்தான் வரைந்தான்: மூக்கு, அங்கி, கண்ணாடி, முரட்டுப் பேச்சு, ஒன்று பாக்கியில்லாமல். ஊர் சொன்ன ஃபார்லியை அப்படியே செய்து வைத்தான்.

அப்பா தோற்றதை ஒப்புக்கொள்ளாமல், "ஹோவர்ட் ஹியூஸ் கதையைக் காப்பியடித்திருக்கிறார்கள்," என்று பேச்சை மாற்றினார். யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து வாழ்ந்த அமெரிக்கக் கோடீசுவரர் அவர். அதெப்படி? கிறிஸ்டியின் கதை அச்சானது 1937இல். அந்தக் காலத்தில் ஹியூஸ் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. 1938இல் விமானத்தில் உலகைச் சுற்றிவந்து நியூயார்க் தெருக்களில் ஊர்வலம் போனவர். ஒளிந்ததெல்லாம் பிற்பாடு. ஆனால் அப்பா கிளப்பிவிட்டதில் ஒரு நன்மை, ஹியூஸைப் பற்றித் தேடிப் படித்தேன். கதையைவிட நிஜம் வினோதமாக இருக்கிறது.

1966 நவம்பரில் அவர் லாஸ் வேகஸில் டெசர்ட் இன் ஹோட்டலின் உச்சி மாடிகளில் தங்கினார். புத்தாண்டுக்குப் பெரிய சூதாடிகள் வருவார்கள், அறைகளைக் காலி செய்யுங்கள் என்றார்கள். மனிதர் காலி செய்யாமல் ஹோட்டலையே வாங்கிவிட்டார். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தும் வெளியே தலைகாட்டவில்லை. அவருடைய நெவாடா தொழில்களை எல்லாம் கவனித்துக்கொண்ட ராபர்ட் மஹ்யூ என்பவர் அவரை ஒருமுறைகூட முகத்துக்கு நேரே சந்தித்ததில்லை. எல்லாம் தொலைபேசியும் குறிப்புச் சீட்டும்தான். நினைத்துப் பார், கோடிக்கணக்கான டாலர் புழங்கும் வேலை. முதலாளி என்பது காதில் கேட்கும் ஒரு குரல்.

பிறகு 1971இல் கிளிஃபர்ட் இர்விங் என்ற எழுத்தாளர் ஒரு பெரிய பதிப்பகத்துக்குப் போய், ஹியூஸ் தன் வாழ்க்கை வரலாற்றை என்னிடம் சொல்லியிருக்கிறார் என்றார். ஹியூஸ் எழுதியதாகக் கடிதங்களைக் காட்டினார். எல்லாம் அவரே எழுதியவை. வல்லுநர்கள் பார்த்து அசல் கையெழுத்துதான் என்று சான்று கொடுத்தார்கள்! (என் மூத்த அதிகாரியிடம் கொடுத்திருக்க வேண்டும்.) மனிதர் வெளியே வந்து மறுக்கப்போவதில்லை என்பதுதான் இர்விங்கின் துணிச்சல். பதிப்பகம் ஏழு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஹியூஸுக்கான காசோலைகள் எச்.ஆர். ஹியூஸ் என்ற பெயரில் எழுதப்பட்டன. இர்விங்கின் மனைவி சுவிட்சர்லாந்துக்குப் போய், ஹெல்கா ஆர். ஹியூஸ் என்ற பெயரில் கணக்குத் திறந்து அவற்றைப் போட்டு எடுத்துக்கொண்டாள். இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலெழுத்துகளை மட்டும் வைத்துக் காசோலை எழுதாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் தொண்டை கிழியக் கத்தியவள் நான்.

கடைசியில் ஹியூஸ் பேசினார், அதுவும் தொலைபேசியில்தான். 1972 ஜனவரியில் அவர் பஹாமாஸில் இருந்துகொண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் கூடியிருந்த ஏழு பத்திரிகையாளர்களிடம் பேசினார். ஏழு பேரும் முன்னொரு காலத்தில் அவரை அறிந்தவர்கள். பழைய விமானங்களைப் பற்றிக் கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். சிலவற்றுக்குச் சரியாகப் பதில் சொன்னார். சிலது நினைவில்லை என்றார். ஆனாலும் அது அவர்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் தடங்கல் இல்லாமல் சொல்லியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். இர்விங் குற்றத்தை ஒப்புக்கொண்டு 17 மாதம் சிறையில் இருந்தார். 1976 ஏப்ரலில் ஹியூஸ் விமானத்தில் உயிர்விட்டபோது, உடல் அவருடையதுதானா என்று உறுதிசெய்யக் கைரேகையை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்த முகம் செய்தித்தாள்களில் வராத வாரம் கிடையாது. இறந்த பிறகும் நிம்மதி இல்லை. அவர் எழுதியதாக ஓர் உயில் முளைத்தது, அதுவும் பொய் என்று 1978இல் நீதிமன்றம் சொன்னது.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தத் தொலைக்காட்சிக் கதையில் மிஸ் லெமனின் தட்டச்சு இயந்திரம் மக்கர் செய்கிறது. புதிது வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். பொய்ரோ மூளை ஓடாமல் தவிக்கும்போது, அவள் சன்னலுக்கு வெளியே எட்டி மணிக்கூண்டைப் பார்த்து நேரம் சொல்கிறாள்; அதிலிருந்துதான் அவருக்குச் சன்னல் சூட்சுமம் புரிகிறது. நன்றிக்கடனாக என்ன கொடுக்கிறார் தெரியுமா? கடிகாரம்! அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் நாற்காலி மாற்றித் தரச் சொல்லி மூன்று மனு கொடுத்த எனக்கு, ஓய்வு பெற்ற நாளில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கூடத்தில் மாட்டியிருக்கிறதே, அதேதான். போன மழையில் ஓடு ஒழுகி அதற்குள் தண்ணீர் போய்விட்டது. ஓடு மாற்ற ஆள் வந்து ஏறியபோது, அதையும் கழற்றிக் கொண்டுபோய்விடப்பா என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போதெல்லாம் கணினியை வைத்து ஒருவர் குரலை அப்படியே பேச வைக்கிறார்கள், உன் குரலில் யாராவது அழுதுகொண்டு பணம் கேட்டால் அனுப்பிவிடாதே, நமக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்வோம் என்று சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் ரகசியச் சொல் எனக்கு மறந்துபோகும், அப்பா அதைக் காலண்டரில் எழுதி வைப்பார். நான் சலவைக்காரி வழியைப் பிடித்துக்கொள்ளப்போகிறேன். பொய்ரோவுக்கு அது கைத்தவறு. நான் வேண்டுமென்றே செய்வேன். உன் குரலில் அழைப்பு வந்தால் கேள்வி எதுவும் கேட்க மாட்டேன். "உனக்குப் பிடித்த பாகற்காய்ப் பிட்லை இன்று செய்தேன்" என்பேன். நீயாக இருந்தால் அந்த அவசரத்திலும் "யாருக்குப் பிடித்தது?" என்று சண்டைக்கு வருவாய். திருடனாக இருந்தால் "அப்படியா அம்மா, சந்தோஷம்" என்பான். தவறான கடிதத்தை வாங்கி மேசையில் வைக்கிற ஆள் அவன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை மாதத்திலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவை அணைத்து வைக்கிறாய். சிக்னல் இல்லை என்கிறாய், தலை வாரவில்லை என்கிறாய். வேலை வீட்டிலிருந்தே, சாமான் வீட்டு வாசலுக்கே, பேச்சு குரலில் மட்டும். நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்கிறாய். போன மாதம் வாய் தவறி, உன் பெரியம்மா மகள் கல்யாணம் ஆடியில் என்றேன். நீ அதற்கும் "சரிம்மா" என்றாய். ஆடியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? என் மகளா அது? சலவைக்காரியின் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இளைத்திருந்தால் இளைத்திருக்கிறாய், அழுதிருந்தால் அழுதிருக்கிறாய், பார்த்துக்கொள்ளலாம். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம். வேலை பிடிக்கவில்லை என்றாலும் சொல். வாடகைக்குத் தேவை என்றாலும் சொல், என் ஓய்வூதியம் சும்மாதான் கிடக்கிறது. தலை வாராமலே வா. ஒட்டுத்துணி அங்கியோடு வந்தாலும் எனக்குச் சம்மதம்.

அப்பா எழுந்துவிட்டார், காபி கேட்கிறார். ஊறுகாய் பார்சல் அனுப்பியாகிவிட்டது. நாரத்தங்காய் ஜாடியைத் திறக்குமுன் கையை நன்றாகத் துடைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தில் நம் வீட்டைப் பற்றி ஒரு பொய் எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுதான். ஆடிக் கல்யாணம் இல்லை, அது நிஜமாகவே வாய் தவறியது. பாகற்காயும் இல்லை. கண்டுபிடித்து ஞாயிற்றுக்கிழமை சொல். கேமராவைப் போட்டுக்கொண்டு சொல்.

அன்புடன்,
அம்மா